பெருத்துப்போன எங்கள் தோட்டம்

வரிசை வீடுகளான எங்கள் லயத்துப் பின்சுவரில் வெடிப்பு விழுந்து வெகுநாளாகிறது. பின்னால் மேடு. மழை பெய்தால் சேற்றுத் தண்ணீர் அடுப்படிக்கு வரும். மண் சரியும், இங்கே இருக்கக்கூடாது என்று அரசாங்க ஆபீசர்மார் வந்து சொல்லிவிட்டுப் போனார்கள். எங்கே இருப்பது என்று சொல்லவில்லை.

பிறகு இரத்தினபுரியிலிருந்து ஒரு ஆபீஸ் மிஸ் வந்தார். வேலை நேரத்தில் பிள்ளைகளை விட்டுப்போகும் பிள்ளை மடுவத்தில் கூட்டம். சுவரில் ஒரு படம் ஒட்டினார். மாவட்டத்துத் தோட்டங்கள் எல்லாம் அதில் இருந்தன. எங்கள் தோட்டம் பலாப்பழம் மாதிரி உப்பிக் கிடந்தது. எங்களைவிடப் பெரிய தோட்டங்கள் பலாக்கொட்டை அளவுதான்.

லயத்தில் பக்கத்துக் காம்பராவில் குடியிருக்கும் அக்கா என்னை இடித்தாள். "நம்ம தோட்டம் மாசமா இருக்குடி."

சிரித்தோம். மிஸ் சொன்ன விளக்கம் யார் காதிலும் ஏறவில்லை. எங்களுக்குத் தெரிந்த படம் தோட்டத்து ஆபீசில் தொங்குவது ஒன்றுதான். அதில் பெரிய தேயிலை மலை என்றால் ஏக்கர் கூடின மலை. காணி அளக்க வந்தால்தான் அதைக் கழற்றி வெளியே எடுப்பார்கள். ஆகவே எங்களுக்கு வீடு கட்டக் காணி வந்துவிட்டது.

என் வீட்டுக்காரர் அன்றைக்கே ரோட்டோரம், தேயிலை பட்டுப்போன இடத்தில் நாலு மூலைக்கும் கம்பு நட்டார். என் பழைய சேலையைக் கிழித்துக் கட்டினார். மற்றவர்களும் நட்டார்கள்.

"அடுப்படி ரோட்டப் பாத்து வேணாங்க," என்றேன்.

"சரி, அந்தப் பக்கம் வைப்போம்."

அவர் அப்படி உடனே சரி சொன்னதில்லை.

காலையில் கங்காணி எல்லாவற்றையும் பிடுங்கிப் போட்டிருந்தார். "யாரு குடுத்தா ஒங்களுக்குக் காணி?"

"படத்துல இருக்குங்களே."

"படத்துலயே போயி குடியிருங்க."

மிஸ் மறுபடி வந்தபோது கேட்டோம். மண்சரிவில் சிக்கக்கூடிய ஆட்கள் எங்கே அதிகமோ, அந்த இடத்தைப் பெரிதாகப் போட்டிருக்கிறார்களாம். நிலத்தின் அளவு இல்லையாம்.

வீட்டுக்காரர் படத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். "எங்களுக்கு வேற எடத்துல வீடு கெடைச்சா இது சின்னதாகுமா மிஸ்?"

"ஆகும்."

"மண்ணு மூடினாலும் ஆகுந்தானே?"

மிஸ் பையை எடுத்துக்கொண்டார்.

படம் இன்னும் மடுவத்துச் சுவரில் இருக்கிறது. ஈரத்தில் ஓரம் சுருண்டுவிட்டது. வீட்டில் வெடிப்புக்குள் இப்போது கை போகிறது. வானம் கறுத்தால் பாயை வாசல் பக்கத்துக்கு இழுத்துக்கொள்கிறோம். கதவுக்குத் தாழ்ப்பாள் போடுவதில்லை.