கிரேக்கர்களுக்குக் கோவணம் கட்டிய வியாழக்கிழமை

கறுப்பு மார்க்கர் பேனாவின் வாடை இன்றைக்கும் எனக்குக் குமட்டும். ஆபீஸில் யாராவது மூடியைத் திறந்தால் எழுந்து வெளியே போய்விடுவேன். அலர்ஜி என்று சொல்லி வைத்திருக்கிறேன். அலர்ஜி உண்மைதான், என் மேலேயேதான்.

சவூதியில் அல் கோபாரில், பம்புகளைப் பழுது பார்க்கும் கம்பெனி ஒன்றில் இன்ஜினியராக இருந்தேன். இரண்டாயிரங்களின் நடுவில், நாற்பத்து மூன்று வயதில், இங்கிலாந்துப் பல்கலைக்கழகம் ஒன்றில் தபால் வழியாகக் கிரேக்கமும் லத்தீனும் படிக்கச் சேர்ந்தேன். ஏன் என்று கேட்காதீர்கள். பதினெட்டு வருடம் பம்பு மேனுவல் மட்டுமே படித்தவன் எதையும் செய்வான். ஆபீஸில் மேனேஜ்மென்ட் கோர்ஸ் என்று சொல்லியிருந்தேன். முதல் கட்டுரையில் தேறினால்தான் இரண்டாம் வருடம். இல்லையென்றால் அத்தோடு சரி.

புத்தகங்களைப் பக்கத்து நாடான பஹ்ரைனில் இருந்த நண்பன் வீட்டுக்கு வரவழைத்தேன். ஒரு வியாழக்கிழமை, லீவு நாள், நானும் மனைவியும் காரில் கடல் பாலம் தாண்டிப் போனோம். பார்சலைப் பிரித்தால் இரண்டு இலக்கணப் புத்தகங்கள் மரியாதையானவை. மூன்றாவது படப் புத்தகம். பழைய ஜாடிகள், சிலைகள். ஒருத்தன் உடம்பிலும் பொட்டுத் துணி கிடையாது. துணி கட்டியிருந்த நாலைந்து பேர் கையில் மதுக் கிண்ணம்.

கோபார் கடையில் விற்கும் வெளிநாட்டுப் பத்திரிகைகளில் பெண்களின் கை தெரிந்தாலே கறுப்பு மை பூசியிருக்கும். கைக்கே அந்த கதி என்றால் இவர்களுக்கு? பத்தே நிமிடத்தில் என் மனக்கண்ணில் கஸ்டம்ஸ், விலங்கு, விசா கொடுத்த கஃபீல் திட்டுவது, திருப்பி அனுப்பும் விமானம், சென்னை ஏர்போர்ட்டில் "என்ன கேஸு மாப்ளே?" என்று கேட்கும் மாமனார் எல்லாம் ஓடி முடிந்தது. "பொம்மை கேஸு மாமா."

"இதை மட்டும் இங்கேயே விட்டுட்டு வாங்களேன்" என்றாள் மனைவி.

"கட்டுரையே இதுலேர்ந்துதாண்டி எழுதணும்."

கீழே கோல்ட் ஸ்டோர் என்கிற மளிகைக் கடையில் இரண்டு மார்க்கர் வாங்கி வந்தேன். முதல் பாதிப் படங்களுக்கு நான் மையால் உடுத்திவிட்டேன். பிறகு கை நடுங்க ஆரம்பித்தது. புத்தகத்தை அவள் பிடுங்கிக்கொண்டாள். மூன்றாவது மாடி ஜன்னலில் நின்று போலீஸ் வருகிறதா என்று நான் காவல் காத்தேன்.

"ஏங்க, இந்தாளு வெச்சிருக்கிறது சாராயமா?"

"ஆமா."

"குடிக்கட்டும் பாவம். யாராச்சும் கேட்டா மோருன்னு சொல்லிக்கலாம். மேல ரெண்டு கருவேப்பிலை போட்டுடட்டா?"

"வெளையாடாதடி, வயித்தைக் கலக்குது."

"உங்களுக்கு எப்பதான் கலக்கல? லைசென்ஸ் ரினியூ பண்ணப் போனப்பவும்தான் கலக்குச்சு."

திரும்பும் வழியில், பாலத்துச் சோதனைச் சாவடியில் அதிகாரி பையைத் திறந்தார். "ஏஷ் ஹாதா?" என்ன இது என்கிறார்.

"கிதாப்... ஸ்டடி..." யாரோ கழுத்து நெரிபடுகிற குரல் வந்தது. என்னுடையதுதான்.

மேலே இருந்த கிரேக்க இலக்கணத்தைப் புரட்டினார், முகத்தைச் சுளித்தார், வைத்துவிட்டார். அடியில் கிடந்த படப் புத்தகத்தைத் தொடவே இல்லை. மனைவியின் தேங்காய் எண்ணெய் பாட்டிலைத்தான் திறந்து வெகுநேரம் மோந்து பார்த்தார். "யல்லா, யல்லா" என்று போகச் சொல்லிக் கையை ஆட்டினார்.

கோபார் வரும்வரை அவள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வீட்டில் புத்தகத்தைத் திறந்தபோது மை பின்பக்கத்துக்கு ஊறியிருந்தது. பக்கங்கள் ஒட்டிக்கொண்டு, பிரித்தால் தோல் உரிகிற சத்தம். நான் உடுத்தியவர்கள் தார் டின்னில் உட்கார்ந்து எழுந்தவர்கள் போல இருந்தார்கள். இரண்டாயிரத்துச் சொச்ச வருடம் மண்ணுக்குள் பத்திரமாக இருந்தவர்கள், கடைசியில் என் கையில் மாட்டி நாசமானார்கள்.

கட்டுரைக்குக் கொடுத்திருந்தது ஜாடி ஒன்றில் ஓடும் வீரனின் படம். அந்த ஜாடியில் உருவங்களே கறுப்பு. அவன் இடுப்பில் மடிப்பும் கரையுமாகக் காற்றில் பறக்கும் குட்டைத் துணி. நான் அப்பிய மையை ஒரு மைல் தூரத்தில் அடையாளம் கண்டுவிடுவேன். இது அத்தனை நேர்த்தி. அப்பாடா, மானமுள்ள கிரேக்கன் ஒருத்தனாவது கிடைத்தானே என்று குஷியாகி, ஊரே அம்மணமாக ஓடும்போது இவன் மட்டும் ஏன் உடுத்தினான் எனப் புதுக் கொள்கையே கண்டுபிடித்து மூன்று பக்கம் எழுதி அனுப்பினேன்.

ஆசிரியையின் பதில் வந்தது. "படத்தில் இருப்பவர் முழு நிர்வாணமாக ஓடுகிறார். நீங்கள் எந்தப் புத்தகத்தைப் பார்க்கிறீர்கள் என்று தெரியவில்லை. இரண்டு வாரத்தில் திருத்தி அனுப்புங்கள். இதுவே கடைசி வாய்ப்பு."

புத்தகத்தோடு சமையலறைக்கு ஓடினேன். "இது நீ போட்டதா?"

"ஆமா. என் மாம்பழக் கலர் புடவைக் கரை. நல்லாருக்குல்ல?"

நெயில் பாலிஷ் ரிமூவரைப் பஞ்சில் நனைத்துத் துடைத்தேன். மையோடு இடுப்பும் கூழாகிக் கையோடு வந்துவிட்டது. ஓட்டை வழியாக அடுத்த பக்கத்துக் குதிரை என்னைப் பார்த்தது. கையெல்லாம் கறுப்புப் பிசின்.

"அடியில என்ன இருந்துச்சுன்னு ஞாபகம் இருக்கா?"

"என்னது என்ன இருந்துச்சா?" கரண்டியை வைத்துவிட்டு அடுப்பு மேடையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பிறகு கண்ணை மூடினாள். "எழுதிக்கோங்க. தொடைல மூணு கோடு, ஊசியால கீறின மாதிரி. சதை முறுக்கினது அதுலதான் தெரியும். வயித்துல நாலு. எடது தொடை வலதைவிடப் பெருசு. வரைஞ்சவனுக்கு அளவு தப்பிடுச்சு. தப்பினதாலதான் அவன் வேகமா ஓடுற மாதிரி இருந்துச்சு."

அவள் சொல்லச் சொல்ல எழுதினேன். ஒரு வரி கூட என்னுடையது இல்லை. தேறிவிட்டேன். ஓரத்தில் ஆசிரியை எழுதியிருந்தார்: "இந்த முறை உண்மையாகவே பார்த்திருக்கிறீர்கள்."

மனைவியிடம் காட்டினேன். "பாத்தது யாருன்னு அந்தம்மாவுக்கு ஒரு வரி எழுதிப் போடுங்க" என்றாள், பாதி விளையாட்டாக.

போடவில்லை. இரண்டாம் வருடத்துக்கான படிவம் வந்தது. மாணவர் என்ற இடத்தில் என் பெயரை எழுதி, தெளிவாகக் கையெழுத்துப் போட்டு அனுப்பினேன். அப்போது மட்டும் கை நடுங்கவே இல்லை, தூ.