தலைமாட்டுக் கிண்ணம்

பனி இறங்குகிற காலைகளில் எங்கள் மிளகுத் தோட்டத்து மேட்டில் நின்று கீழே பார்த்தால், பள்ளமெல்லாம் வெள்ளையாய் நிரம்பி, வளப்பூர் நாடே கரையோரத்து ஊர் மாதிரி இருக்கும். நான் கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றுவிடுவேன். "வேல கெடக்குது, அங்க என்னத்தப் பராக்குப் பாக்கற?" என்று வீட்டுக்காரர் கத்துவார். "உங்க வேலயப் பாருங்க" என்று நானும் கத்துவேன். போன சித்திரையில் பார்த்துவிட்டு வந்த ஏரி எனக்கு அங்கே தெரியும். அதை அவரிடம் எப்படிச் சொல்வது?

அந்த ஏரி எகிப்து தேசத்தின் தென்கோடியில், பாலைவனத்துக்கு நடுவில் கிடக்கிறது. அதன் கரையில் நூபியர்கள் என்கிற சனம் வாழ்கிற ஒரு சின்ன ஊர். கொல்லிமலையில் பலாவும் மிளகும் வைத்துப் பிழைக்கிற எனக்கு அந்த ஊரில் என்ன வேலை என்று கேட்பீர்கள். என் தம்பி அங்கேதான் இருக்கிறான். மண்ணுக்குள் இருக்கிறான்.

அவன் ரிக் வண்டியில் ஆழ்துளைக் கிணறு போடப் போனவன். எங்கள் அடிவாரத்துப் பையன்கள் ரிக் ஏறிப் போகாத தேசம் இல்லை. அந்தப் பாலைவனத்தில் பெரிய பெரிய பண்ணைகள் வருகின்றன, தண்ணீர் எடுக்க ஆள் வேண்டும் என்று கூட்டிப்போனார்கள். மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு மதியம், ரிக் நின்ற இடத்திலிருந்து கூடாரத்துக்கு நடந்து வரும்போது விழுந்து செத்துப்போனான். உடம்பு ஊர் வந்து சேர வாரக்கணக்கில் ஆகும், இங்கேயே அடக்கம் பண்ணிவிடலாமா என்று போனில் கேட்டார்கள். அப்பா இல்லை. அம்மா மயங்கிக் கிடந்தாள். நான்தான் "சரி" என்றேன். அந்த ஒரு சொல்லை நான் இன்னும் விழுங்கி முடிக்கவில்லை.

நாங்கள் புதைக்கிற சனம்தான். அதனால் மண்ணில் போட்டதை அம்மா குறை சொல்லவில்லை. அவள் கேட்டது ஒன்றே ஒன்று. "உசுரு போறப்ப என்ற பையன் வாயில ஒரு சொட்டுத் தண்ணி ஊத்துனாங்களா?" எங்கள் பக்கம் அதுதான் கடைசி மரியாதை. வீட்டு ஆள் ஒருத்தர் ஊற்ற வேண்டும். இல்லாவிட்டால் போன உயிர் தாகத்தோடு அலையும் என்பார்கள். தம்பியோடு வேலை பார்த்த ராசிபுரம் பக்கத்து டிரைவர் போனில் "ஊத்துனமுங்க, ஊத்துனமுங்க" என்று இரண்டு தரம் சொன்னார். இரண்டாவது தரம் சொன்னதால் அம்மா நம்பவில்லை.

அதற்குப் பிறகு அம்மா முழு டம்ளர் தண்ணீர் குடித்து நான் பார்த்ததில்லை. எடுப்பாள், ஒரு வாய் குடிப்பாள், வைத்துவிடுவாள். கோடையில் உதடு வெடித்துப்போகும். திட்டிப் பார்த்தேன், அழுதும் பார்த்தேன். போன பங்குனியில் மூத்திரக் கடுப்பு வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தாள். "தண்ணியே குடிக்க மாட்டேங்கறாங்களே, இப்படியே போனா தாங்காதுங்க" என்று டாக்டர் சொன்னதும் எனக்கு வந்த கோபத்தில், "நானே போய்க் கேட்டுட்டு வாரேன், அப்பவாவது குடிப்பியா?" என்று கத்திவிட்டேன். வார்டே திரும்பிப் பார்த்தது. அம்மா என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "கேட்டுட்டு வா அம்மிணி" என்றாள்.

சொன்ன சொல்லைத் திருப்பி எடுக்க முடியவில்லை. தோட்டத்து ஓரத்தில் நின்ற சில்வர் ஓக் மரங்களை விலைக்குக் கொடுத்தோம். பலா பழுத்துத் தொங்குகிற நேரத்தில் தோட்டத்தை விட்டு எவளாவது கிளம்புவாளா? நான் கிளம்பினேன். எங்கள் ஊற்றுத் தண்ணீரை ஒரு பாட்டிலில் பிடித்து, மூடியை மெழுகால் அடைத்து அம்மா கொடுத்தாள். "அவன் வாயிருக்கிற பக்கமாப் பாத்து ஊத்து" என்றாள். பஸ்ஸில் எழுபது வளைவு இறங்குவதற்குள் மூன்று தரம் வாந்தி எடுத்தேன். அதற்குப் பிறகு விமானம் எனக்கு ஒன்றுமே இல்லை.

விமானம் இறங்கிய ஊருக்கு அந்த ராசிபுரம் டிரைவரே ஒரு வண்டியோடு வந்து கூட்டிப்போனார். நாலு மணி நேரம் மணல். ஒரு மரம் இல்லை, ஒரு ஆடு இல்லை. தூரத்தில் தண்ணீர் தெரியும், கிட்டே போனால் இருக்காது. அப்படி ஏமாந்து ஏமாந்து கண் சொருகிய நேரத்தில் நிஜத் தண்ணீர் வந்தது. நீலமென்றால் அப்படி ஒரு நீலம். கரையில் புல் கூடச் சரியாக முளைக்கவில்லை. மணல் வந்து நேராகத் தண்ணீரில் இறங்கிவிடுகிறது. எங்கள் மலையில் ஈரம் பட்ட கல்லிலும் பாசி பிடிக்கும். இவ்வளவு தண்ணீரை வைத்துக்கொண்டு பச்சையில்லாமல் ஒரு பூமி இருக்கிறதே என்று எனக்கு முதலில் எரிச்சல்தான் வந்தது.

டிரைவர் ஒரு நூபிய அம்மாவின் வீட்டில் என்னைத் தங்க வைத்தார். அறுபதைத் தாண்டியவர், நல்ல உயரம், நல்ல கறுப்பு, மேலே புகை மாதிரி மெல்லிய கறுப்பு அங்கி. வீட்டுக்கு வெள்ளையும் நீலமும் அடித்து, வாசலைச் சுற்றி மீனும் பறவையும் எழுதியிருந்தார்கள். கூரை குடம் கவிழ்த்த மாதிரி. உள்ளே தரை என்று பார்த்தால் வெறும் மணல். சலித்துக் கொட்டிய மணல், காலை வைத்தால் குளிர்ந்தது. முற்றத்தில் ஆளுயரப் பானைகள் வியர்த்துக்கொண்டு நின்றன. அதில் மொண்டு கொடுத்த தண்ணீரைக் குடித்துவிட்டு அந்த மணலிலேயே படுத்துத் தூங்கிப்போனேன். எந்த ஊர், எந்த நேரம், நான் யார், ஒன்றும் தெரியாத தூக்கம்.

மறுநாள் டிரைவருக்கு வேலை இருந்தது. "சாயங்காலம் நாலு மணிக்கு வாரனுங்கக்கா, குழிக்குக் கூட்டிட்டுப் போறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். பகல் முழுக்க நானும் அந்த அம்மாவும் பேச்சில்லாமல் இருந்தோம். அவர் பாஷை எனக்குத் தெரியாது, என் பாஷை அவருக்குத் தெரியாது. நான் கொண்டுபோன மிளகை மோந்து பார்த்துவிட்டு ஏழெட்டுத் தும்மல் போட்டார். இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தோம். செம்பருத்தி நிறத்தில் ஒரு தேநீர் கொடுத்தார். கரையில் பெரிய பெரிய கல் ராஜாக்கள் உட்கார்ந்திருக்கிற கோயில் ஒன்று இருக்கிறது. அதைப் பார்க்க வந்த கூட்டம் மதியத்துக்குள் பஸ் ஏறிப் போய்விட, ஊர் அப்படியே அடங்கிப்போனது. அங்கே நேரம் நடக்கவில்லை, மிதந்தது. நான் வந்த காரியமே மறந்துவிடுமோ என்று பயமாகக்கூட இருந்தது.

மூன்று மணி வாக்கில் அந்த அம்மா ஒரு தகர கேனை எடுத்துக்கொண்டு எங்கேயோ போனார். நாலு ஆனது. டிரைவரைக் காணோம். நாலரை. எனக்குப் பொறுமை என்பது பிறவியிலேயே கிடையாது. வாய்க்கு வந்தபடி திட்டிவிட்டு, ஊற்றுத் தண்ணீர் பாட்டிலைப் பையில் போட்டுக்கொண்டு நானே நடந்தேன். எந்தப் பக்கம் என்று தெரியாது. தெரியாவிட்டால் என்ன, சின்ன ஊர், தட்டுப்படாமலா போகும்?

வீடுகள் முடிந்தன. ஒரு மேடு ஏறி இறங்கினேன். வெயில் முதுகில் இறங்கி நாக்கு ஒட்டிக்கொண்டது. அம்மா கொடுத்த பாட்டிலைத் தொடக்கூடாது. திரும்பிவிடலாமா என்று நினைத்தபோதுதான் கற்கள் சுற்றி வைத்த சின்னச் சின்ன மணல் மேடுகள் தெரிந்தன. எங்கள் பக்கத்துக் குழிமேடு மாதிரி இல்லை, ஏதோ பாத்தி என்றே நினைத்தேன். ஒவ்வொன்றின் ஒரு பக்கத்திலும் ஒரு மண் கிண்ணம். ஒன்றிரண்டில் தானியம் கிடந்தது, மற்றவை காய்ந்து கிடந்தன. கடைசியில், கொஞ்சம் தள்ளி இருந்த மேட்டின் கிண்ணத்தில் மட்டும் தண்ணீர் தளும்பியது.

எங்கள் மலையில் வழியோரம் பானை இருந்தால் அது நடக்கிறவர்களுக்கு வைத்தது. எடுத்துக் குடிக்கலாம், யாரையும் கேட்க வேண்டியதில்லை. அந்தப் பழக்கத்தில் நான் யோசிக்கவே இல்லை. கிண்ணத்தை இரண்டு கையாலும் எடுத்து, தலையை அண்ணாந்து, தூக்கி ஊற்றினேன். பாதி வாயில், பாதி சேலையில். சில்லென்று தொண்டையில் இறங்கியது. கடைசிச் சொட்டு வரை குடித்து, கிண்ணத்தைத் துடைத்து வைத்தேன்.

பின்னால் கேன் விழுகிற சத்தம். அந்த அம்மா வாயில் கை வைத்துக்கொண்டு நின்றார். அவருக்குப் பின்னால் டிரைவர் ஓடி வந்துகொண்டிருந்தார்.

"ஏனுங்கக்கா, அதையுங்களா குடிச்சீங்க?"

"ஏன், குடிக்கற தண்ணிதானே?"

"அக்கா, இது பொதைக்கற எடமுங்க."

அடக் கருமமே! குனிந்து நின்று விரலை வாய்க்குள் விடப் போனேன். டிரைவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "வேண்டாமுங்க. அது தம்பியோட கிண்ணமுங்க" என்றார்.

நான் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். டிரைவர் சொல்லச் சொல்லக் கேட்டேன். இங்கே செத்தவர்களுக்குத் தலைமாட்டில் கிண்ணம் வைத்துத் தண்ணீர் ஊற்றுவார்களாம். அவர்கள் சாமியைத் தம்பி கும்பிட்டவன் இல்லைதான், அதனால் கொஞ்சம் தள்ளி இடம் கொடுத்தார்கள், ஆனால் கிண்ணம் வைத்தார்கள். மூன்று வருஷமாக அந்த அம்மாதான் வந்து ஊற்றுகிறார். அவனுக்கு இங்கே ஆளில்லை என்று முதலில் அவனுக்கு ஊற்றிவிட்டு, அப்புறம்தான் மற்றவர்களுக்கு ஊற்றுவாராம். இன்றைக்கு அக்கா வருகிறாள் என்று மேட்டைக் கூட்டி, கிண்ணத்தை நிரப்பிவிட்டு, அடுத்த கேன் எடுக்கப் போயிருக்கிறார்.

"இவங்களுக்கு ஏன் இந்தத் தலையெழுத்து? கேளுங்க" என்றேன். டிரைவர் கேட்டார். அந்த அம்மா ஏரியைக் கை காட்டி, நிதானமாகப் பேசினார்.

"அணை கட்டுனப்ப இவங்க ஊரெல்லாம் தண்ணிக்குள்ள போயிருச்சுங்க. இவங்க பாட்டன் பாட்டியோட குழி அந்த ஏரிக்கு அடியில இருக்குதாமுங்க. இனி அந்தக் குழிக்கு இவங்க ஊத்த வேண்டியதில்லீங்களே. கை சும்மா இருக்குது, அதான் இவனுக்கு ஊத்தறேங்கறாங்க."

நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். ஈரமாக இருந்தது. அந்தக் கையில் முகத்தை வைத்து நான் அழுத அழுகை எங்கள் அப்பா செத்தபோதும் அழாதது.

அழுது முடித்து, மூக்கைச் சிந்திவிட்டு, டிரைவரைப் பார்த்துக் கேட்டேன். "நெசத்தச் சொல்லுங்க. உசுரு போறப்ப தண்ணி ஊத்துனீங்களா?"

அவர் மணலைப் பார்த்தார். "இல்லீங்கக்கா. நான் போறப்பவே மூச்சு இல்லீங்க. போன்ல உங்கம்மா அழுதது தாங்காமச் சொல்லிப்போட்டேன்."

திட்டுவேன் என்று நினைத்தார் போல. எனக்குத் திட்ட வரவில்லை. பாட்டிலின் மெழுகை நகத்தால் சுரண்டித் திறந்தேன். எங்கள் ஊற்றுத் தண்ணீரைக் கிண்ணம் நிறைய ஊற்றினேன். மிச்சத்தை அவன் வாயிருக்கும் பக்கமாக மணலில் ஊற்றினேன். மணல் அதை உடனே குடித்தது. ஏரி மேல் வெயில் சாய்ந்து, தண்ணீரும் வானமும் ஒரே நிறமாகி, எது எங்கே முடிகிறது என்று தெரியவில்லை.

திரும்பி வரும்போது எழுபது வளைவும் ஒரே யோசனை. "ஊத்துனாங்க" என்று சொல்லிவிட்டால் முடிந்தது. அம்மா குடிப்பாள், பிழைப்பாள். ஒவ்வொரு வளைவிலும் அந்தப் பொய்யைச் சொல்லிச் சொல்லிப் பார்த்துப் பழகிக்கொண்டேன்.

அம்மா வாசலில் உட்கார்ந்து பலாக்கொட்டை உரித்துக்கொண்டிருந்தாள். நான் பையை இறக்கி வைப்பதற்குள், "ஊத்துனாங்களா?" என்றாள்.

அந்த முகத்தைப் பார்த்ததும் பழகியதெல்லாம் போய்விட்டது. "இல்லம்மா. அப்ப பக்கத்துல யாருமில்ல" என்றேன்.

அவள் கை நின்றது. எனக்குப் பயம் வந்து, மடமடவென்று சொன்னேன். "ஆனா இப்ப ஊத்தறாங்கம்மா. தலமாட்டுல கிண்ணம் வெச்சு, எல்லாத்துக்கும் முன்னாடி அவனுக்குத்தான் ஊத்தறாங்க. நாந்தான் தெரியாம எடுத்துக் குடிச்சுப்போட்டேன்."

"அவன் தண்ணியவா குடிச்ச?"

"ஆமா."

"சொட்டுக்கூட வெக்காம?"

"ஆமாம்மா."

"சின்னதுலயும் இப்படித்தான். அவன் டம்ளர எடுத்தாப் போதும், புடுங்கிக் குடிச்சுப்போடுவ" என்று அம்மா சிரித்தாள். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். பலாக்கொட்டைத் தோலை மடியிலிருந்து தட்டிவிட்டாள். அப்புறம் மெதுவாகக் கேட்டாள்.

"எப்படி இருந்துச்சு?"

"சில்லுனு இருந்துச்சும்மா. நல்ல தண்ணி."

"போயி எனக்கும் ஒரு டம்ளர் கொண்டா" என்றாள்.

கொண்டுவந்து கொடுத்தேன். கீழே வைக்காமல் குடித்தாள். தொண்டை ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். காலி டம்ளரை என்னிடம் நீட்டி, "இன்னொண்ணு" என்றாள்.