மூன்றாம் பாகம்

என் மாமாவைப் பொறுத்தவரை உலகத்தில் இரண்டே வகை நடிகர்கள்தான்: அழும்போது மூக்கை உறிஞ்சுகிறவர்கள், உறிஞ்சாதவர்கள். முதல் வகையினர் எவ்வளவு இனிமையாகப் பாடினாலும் அவர் மதிக்க மாட்டார். "பேரு வந்தா தொப்பையும் கூடவே வந்துடும் பாப்பா. நம்ம ஆளுக்குப் பேரு மட்டும்தான் வந்துச்சு" என்பார். தனக்குப் பிடித்த அந்த ஒரே நடிகரின் பெயரை அவர் சொல்லி நான் கேட்டதே இல்லை. எப்போதும் 'நம்ம ஆளு'தான். எங்கள் லயத்து வரிசை வீடுகளில் நாலாவதில் குடியிருப்பவரைப் பற்றிப் பேசுகிற மாதிரி இருக்கும்.

மாமா என் அம்மாவின் தம்பி. பிரிஞ்சாங்குக்கு மேலே இருந்த எங்கள் தோட்டத்திலிருந்து தேயிலைப் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு ஈப்போவுக்கு இறங்கும் லோரியில் அவருக்கு வேலை. ஈப்போவில் லோரி பழுதாகி நின்றுவிட்டால் அவருக்குக் கொண்டாட்டம். படம் பார்த்துவிட்டுத்தான் மலையேறுவார்.

அப்போது நம்ம ஆளு முகமூடி போட்டு வாள் வீசும் படம் ஒன்று பாகம் பாகமாக வந்துகொண்டிருந்தது. முதல் இரண்டு பாகங்களையும் மாமா பக்கத்து வீட்டு அண்ணனோடு சேர்ந்து பார்த்தார். அண்ணன் மாமாவையும் மிஞ்சிய ரசிகர். தலைமுடியைக்கூட நம்ம ஆளு மாதிரியே வாரியிருப்பார். இரண்டாம் பாகத்தின் முடிவில், ராஜாவின் படை துரத்த, நம்ம ஆளு காட்டுக்குள் ஓடி மறைகிறார். பிழைத்தாரா, மாட்டிக்கொண்டாரா? மூன்றாம் பாகம் வந்தால்தான் தெரியும்.

அது வருவதற்குள் அண்ணன் காணாமல் போனார். இந்தியாவுக்குப் போய்விட்டாராம், அம்மா சொன்னாள். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லையே என்று எனக்குக் கோபம். ஊருக்குப் போகிறவர்களுக்கு மாலை போட்டு லோரியேற்றி விடுவதுதான் எங்கள் லயத்து வழக்கம். அண்ணனுக்கு மாலையும் இல்லை, லோரியும் இல்லை. அவருடைய அம்மா மட்டும் ஒரு வாரம் அழுதுகொண்டே இருந்தார்.

வெள்ளைக்கார அரசாங்கம் கம்யூனிஸ்டுகளை வேட்டையாடிய அவசரகாலம் அது. லயத்தைச் சுற்றி முள்கம்பி. காட்டுக்குள் இருக்கும் கம்யூனிஸ்டுகளுக்கு அரிசி போய்விடக் கூடாதென்று, கொழுந்தெடுக்கப் போகும் பெண்களின் கூடைகளை வாசலில் மாத்தாக்கள் கவிழ்த்துப் பார்ப்பார்கள். போலீஸ்காரர்களை நாங்கள் அப்படித்தான் சொல்வோம்.

ஒருவழியாக மூன்றாம் பாகம் வந்தது. மாமா பார்த்துவிட்டு வந்தார். ஆனால் வீட்டில் வைத்துக் கதை சொல்ல மறுத்துவிட்டார். அம்மா கொழுந்தெடுக்கும் மேல்மலைக்கு, காட்டை ஒட்டிய இடத்துக்கு, என்னைக் கூட்டிக்கொண்டு போனார். அங்கே ஒரு பாறைமேல் ஏறி நின்றுகொண்டு தொண்டை கிழியக் கத்தினார்.

"நம்ம ஆளு சாகல! காட்டுக்குள்ளதான் இருக்காரு! கையத் தூக்கிக்கிட்டு ரோட்டோரமா வெளிய வர்றாரு. ஒருத்தனும் சுடல! ராஜா மன்னிச்சுட்டாரு! ஆத்தா சோறாக்கி வச்சிருக்கா!"

"டேய், பக்கத்துல நிக்கிற புள்ளைக்குச் சொல்ல எதுக்குடா இந்தக் கத்து? அவ என்ன செவிடா?" என்று அம்மா அதட்டினாள். மாமா காதில் வாங்கவே இல்லை. அடுத்த நாளும் போனார், அதே கதை. மூன்றாம் நாளும் போனார்.

மலையில் காவலுக்கு நின்ற மாத்தாவுக்குக் கொஞ்சம் தமிழ் தெரியும். அந்தக் கொஞ்சம்தான் வினையாகிவிட்டது. நம்ம ஆளு, காட்டுக்குள்ள, சோறு. இந்த மூன்றும் அவருக்குப் போதுமானதாக இருந்தன. மாமாவைப் பிடித்து ஆபீஸில் உட்கார வைத்துவிட்டார்கள். விசாரித்து, கப்பலேற்றி, இந்தியாவுக்கே அனுப்பிவிடுவார்கள் என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டு ஓடினாள். நானும் பின்னால் ஓடினேன்.

உள்ளே வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் இருந்தார். அவருக்காக, தோட்டத்தில் கணக்கெழுதும் எங்கள் கிராணி ஐயா தமிழில் கேட்டார்.

"நம்ம ஆளு நம்ம ஆளுன்னு உங்க மாமா யாரச் சொல்றாரு பாப்பா?"

இதுகூடத் தெரியாத மனிதரா என்று எனக்கு ஆத்திரம் வந்தது. மேசைமேல் கிடந்த அடிக்கோலை எடுத்தேன். முதல் பாகத்திலிருந்து தொடங்கினேன். வாள் வீசினேன், குதிரையேறினேன், காட்டுக்குள் ஓடினேன். கடைசியில் இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு வெளியே வந்தேன். "ஒருத்தனும் சுடல!" என்று முடித்தேன்.

கிராணி ஐயா கண்ணாடியைக் கழற்றினார். "வாள்சண்டைப் படத்துல துப்பாக்கி ஏது பாப்பா?"

"மூணாம் பாகத்துல வாங்கியிருப்பாங்க ஐயா" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். மாமாவைப் பார்த்தார். மாமா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கிராணி ஐயா அதிகாரியிடம் ஆங்கிலத்தில் ஏதோ நீளமாகச் சொன்னார். நான் சொன்னதைவிட நீளமாக இருந்தது. அதிகாரி வாய்விட்டுச் சிரித்து மாமாவை அனுப்பிவிட்டார். மாமாவைக் காப்பாற்றியது என் நடிப்புதான் என்று பல வருஷம் பெருமையடித்துக்கொண்டிருந்தேன்.

எனக்குக் கல்யாணமாகிப் பிள்ளைகள் பிறந்தபிறகு, அந்த மூன்றாம் பாகம் வீடியோ கேசட்டில் கிடைத்தது. ஆசையாகப் பார்த்தேன். நம்ம ஆளு படகேறி வேறு தேசத்துக்குப் போய்விடுகிறார். யாரும் கையைத் தூக்கவில்லை. ராஜா யாரையும் மன்னிக்கவில்லை. படத்தில் ஆத்தாவே கிடையாது. மாமா அந்தப் பாறைமேல் நின்று யாருக்காகக் கத்தினார் என்பது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. டிவியை அணைத்துவிட்டு அழுதேன்.

மாமா கைதாகி விடுபட்டதற்கு அடுத்த வருஷமே அண்ணன் 'இந்தியாவிலிருந்து' திரும்பி வந்தார். வெயிலே படாதவர் போல வெளுத்து, எலும்பும் தோலுமாக இருந்தார். மாமா அவரைக் கட்டிக்கொண்டு மூக்கை உறிஞ்சி உறிஞ்சி அழுதார். எனக்கோ கேட்க ஒரே ஒரு கேள்விதான் இருந்தது.

"அண்ணே, அங்க மூணாம் பாகம் பாத்தீங்களா?"

"பாக்கல பாப்பா. கேட்டேன்."

படத்தைப் போய் யாராவது கேட்பார்களா என்று நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அவர்கள் இரண்டு பேரும் சிரிக்கவில்லை.