மேக்காட்டக்காவின் பெயர்

ஜேடர்பாளையத்துக்குப் பக்கத்தில், காவிரிக் கரையோரம் எங்கள் ஊர். எனக்குப் பத்து வயதாக இருந்தபோது ஊரில் வாந்திபேதி பரவியது. அப்பா உட்பட ஊர் ஆண்கள் மாடுகன்றுகளை ஓட்டிக்கொண்டு தம்மம்பட்டிப் பக்கமிருந்த உறவினர் வீடுகளுக்குப் போய்விட்டார்கள். தம்பிக்கு ஏற்கெனவே நோய் கண்டிருந்ததால் அம்மாவும் நானும் போக முடியவில்லை.

மேற்கே ஒரு துண்டு மானாவாரிக் காட்டில் தனியாகப் பாடுபட்டு வந்த விதவை ஒருத்தி இருந்தாள். ஊரே அவளை மேக்காட்டக்கா என்றுதான் கூப்பிடும். யாரும் அழைக்காமலே வந்தாள். வீடுவீடாகப் போய்க் கஞ்சி ஊற்றினாள், அழுக்குத் துணிகளை அள்ளிப்போய் எரித்தாள். என் தம்பி இறந்த அன்று, தூக்க ஆண்பிள்ளை இல்லை. அவள்தான் அவனைத் தோளில் சாய்த்துக்கொண்டு போய் ஆற்றோரம் புதைத்தாள். தூங்கும் குழந்தையைக் கொண்டுபோவது போலப் போனாள். கடைசியில் அவளுக்கும் நோய் கண்டது. அம்மாவும் இன்னொருத்தியும் அவளை வண்டியில் ஏற்றித் தாங்களே இழுத்துக்கொண்டு போய் அடக்கம் செய்தார்கள்.

மழை பெய்து நோய் அடங்கிய பிறகு ஆண்கள் திரும்பினார்கள்.

சில வருடங்கள் கழித்துக் கோயில் கும்பாபிஷேகத்துக்காக ஊர் வரலாறு அச்சிடுவதென்று முடிவானது. பள்ளிக்கூட வாத்தியார் எழுத வந்தார். அப்பா கட்டிலில் உட்கார்ந்து சொன்னார்: "பெரியவங்க நாங்கெல்லாம் ஒண்ணாக் கூடி அம்மனுக்குப் பொங்க வெச்சமுங்க. அதோட நோவு போயிருச்சுங்க."

அடுப்படியிலிருந்து அம்மா வெளியே வந்தாள். அப்பா முன்னால் அவள் வேற்று ஆளிடம் பேசி நான் பார்த்ததில்லை.

"மேக்காட்டக்காளையும் எழுதிக்கோங்க, சாமி."

வாத்தியார் நல்லவர். மரியாதையாகவே கேட்டார்: "அவங்க பேரென்னங்கம்மா?"

அம்மா விழித்தாள். "அக்கான்னுதானுங்க கூப்புடுவோம்."

"ஊட்டுக்காரர் பேரு?"

"கண்ணாலமான வருசமே செத்துப்போனாருங்க. நா அவரப் பாத்ததில்லீங்க."

"பேரில்லாம எப்படீங்கம்மா எழுதறது?"

"பொம்பளைங்க சமாச்சாரம், உடுங்க வாத்தியாரே" என்றார் அப்பா.

அதன்பின் அம்மா களத்துமேட்டில், கிணற்றடியில், பார்த்த கிழவிகளிடமெல்லாம் விசாரித்தாள். அக்கா கையால் கஞ்சி குடித்துப் பிழைத்தவர்களுக்கும் அவள் பெயர் தெரியவில்லை.

புத்தகம் வந்தது. அம்மாவுக்கு எழுத்து தெரியாது, நான் வாசித்துக் காட்டினேன். கொள்ளைநோயிலிருந்து ஊரைக் காத்தவர்கள் என்று வரிசையாக ஆண்களின் பெயர்கள். அப்பாவின் பெயரும் இருந்தது. அம்மா இன்னொரு தரம் வாசிக்கச் சொன்னாள். வாசித்தேன்.

"அப்ப எங்கொழந்தைய ஆரு தூக்கிட்டுப் போனது?" என்று கேட்டாள். அவள் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள். அதன்பின் அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை. சாகும்வரை எடுக்கவில்லை.

அம்மா போன பிறகு ஒருநாள் நான் அந்த மேற்குக் காட்டுக்குப் போனேன். அக்காவின் கணவன்வழிப் பங்காளிகள் அதைத் தங்கள் காட்டோடு சேர்த்து உழுதிருந்தார்கள். ஏர் பிடித்திருந்தவரிடம், இங்கே முன்பு பாடுபட்ட அக்காவைத் தெரியுமா என்று கேட்டேன்.

அவர் மாட்டை நிறுத்தி யோசித்தார்.

"இது எங்க பாட்டன் காடுங்க. இங்க பொம்பளை ஆரும் இருந்ததில்லீங்களே" என்றார். பொய் சொல்கிற முகமாக அது இல்லை.