கிளெனிஸின் சும்மா இராத கை

கிளெனிஸ் டிரெவார்த்தாவுக்குக் கை சும்மா இருக்காது. தென் ஆஸ்திரேலியாவில் வாலரூ என்ற ஊரின் தானியக் கிடங்கு எடைமேடை அலுவலகத்தில் இருபத்தாறு வருடம் வேலை பார்த்தபோதும் அப்படித்தான். நன்றாக ஓடுகிற பிரிண்டரையும் பிரித்துப் போட்டால்தான் அவளுக்கு டீ இறங்கும். ஓய்வு பெற்றபின் ஊர்க் கணினிகளெல்லாம் அவள் கார் ஷெட்டுக்கு வரத் தொடங்கின.

அந்த வாரம் வந்தது லயல் ஷிர்மருடையது. கிடங்கில் அவளோடு வேலை பார்த்தவன். நரம்பு நோயில் நாக்கும் கைகால்களும் ஓய்ந்துவிட்டன. கண் மட்டும் ஓடும். திரையிலுள்ள கட்டங்களைக் கண்ணால் பார்த்தால், குரல் போகுமுன் அவனே பதிவு செய்துவைத்த வார்த்தைகளைக் கணினி பேசும். அந்த நிரல் விண்டோஸ் ஏழில் மட்டுமே ஓடும். செய்த கம்பெனியை மூடிவிட்டார்கள். பழைய கணினி செத்துப்போக, புதியதில் ஏற்றித் தரச் சொல்லி அவன் மனைவி நோலீன் வந்தாள்.

புதுக் கணினியை எழுப்பிவிடும் அடிப்படை நிரலான பயாஸில், பழைய முறைக்கு அனுமதி என்று ஒரு தேர்வு இருந்தது. அதைப் போட்டதும் விண்டோஸ் ஏறிவிட்டது. ஆனால் திரையை இயக்கும் டிரைவர் நிரல் இல்லை. கட்டங்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி நின்றன. வீட்டில் கொண்டுபோய் வைத்தபோது, லயல் டீ கேட்டால், “டாய்லெட் போகணும்” என்றது அவன் குரல்.

நோலீன் விழுந்து விழுந்து சிரித்தாள். “போதும்டி கிளென். இந்த மனுஷன் பேசறதே பெரிசு. இதுக்கு மேல நோண்டாத.”

“ரெண்டே நாள் குடு. கண்ணாடி மாதிரி ஆக்கித் தரேன்.”

சும்மா விட்டிருக்கலாம். பயாஸைப் புதுப்பித்தால் டிரைவர் படியும் என்று அவளுக்கு ஒரு நப்பாசை. கணினியை ஷெட்டுக்குத் தூக்கி வந்து புதுப்பித்தாள். புதிய பயாஸில் அந்தத் தேர்வையே எடுத்துவிட்டிருந்தார்கள்; பழையதற்குத் திரும்பவும் வழியில்லை. விண்டோஸ் தொடக்கத் திரையிலேயே உறைந்து நின்றது. கிளெனிஸ் ஷெட்டுக்குள் நடந்தாள், வெளியே வந்தாள், மறுபடி உள்ளே போனாள். கடைசியில் போனை எடுத்தாள்.

“நோலீன், இருந்ததையும் கெடுத்துட்டேன்.”

“சொன்னேனா இல்லையா? நாலு நாளா வீட்ல சத்தமே இல்லடி. டீவியோட சண்டை போட்டுட்டிருக்கேன்.” போன் வைக்கப்பட்டது. கிளெனிஸுக்கு அழுகை வந்தது, தன்மேல் ஆத்திரமும் வந்தது.

விண்டோஸ் ஏழு கண் விழிக்கும்போது பழைய பாணித் திரை அட்டையைக் கூப்பிட்டுப் பார்க்கும். பதில் வராவிட்டால் அங்கேயே நின்றுவிடும். பதில் சொல்வதுபோல் நடிக்க ஒரு சிறு நிரலை யாரோ புண்ணியவான் எழுதி இணையத்தில் போட்டிருந்தான். அதை விண்டோஸுக்கு முன்னால் ஓடவிட்டாள். பதினோராவது முயற்சியில் ஏறியது. புதுக் கணினியின் திரை அட்டைக் குடும்பத்துப் பழைய டிரைவர் ஒன்றைத் தேடிப் பிடித்து, அதன் பட்டியலில் இந்தத் திரை அட்டையின் எண்ணைத் தன் கையால் சேர்த்தாள். திருத்திய டிரைவரில் அங்கீகாரக் கையொப்பம் இல்லையென்று விண்டோஸ் முறைத்தது. அந்தச் சோதனையை அணைத்தாள். திரை ஒருமுறை இருண்டு, பளிச்சென்று விரிந்தது.

சனிக்கிழமை காலை லயலின் முன்னால் அதை வைத்தாள். நோலீன் அவள் முகத்தைப் பார்க்காமல் மின்கம்பியைச் சொருகினாள். லயலின் கண் கட்டங்களில் மெதுவாக நகர்ந்தது.

“நோலீன், வலைக்கதவைச் சாத்து. ஈ வருது.”

கதவு சாத்தித்தான் இருந்தது; பேச முடிந்த நாளில் அவன் தினமும் போட்ட அதே அதட்டல். நோலீன் அதனருகே போய், கொண்டியைப் பிடித்தபடி முதுகைக் காட்டி நின்றாள்.

கிளெனிஸ் எங்கே பார்ப்பதென்று தெரியாமல் திரையைப் பார்த்தாள். மூலையில் கடிகாரம் சிட்னி நேரம் காட்டியது, அரைமணி கூடுதலாக. அவள் கை தானாக மவுஸை நோக்கிப் போனது. லயலின் கண் ஒரு கட்டத்திலிருந்து இன்னொன்றுக்குத் தாவியது.

“கிளென். கை.”

அவள் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்துகொண்டாள்.