ஏழு வீட்டுக் கொலு

காலையில் இட்லிப் பானையை அடுப்பில் ஏற்றியிருந்த நேரத்தில் நிலோபரிடமிருந்து போன் வந்தது. அந்த நேரத்தில் அவள் பேச மாட்டாள். கோயம்புத்தூரில் வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில் இருப்பாள். "ஆன்ட்டி, நான் தஞ்சாவூர்லதான் இருக்கேன். உம்மா மவுத்தாயிட்டாங்க" என்றாள். அவள் அம்மா, எங்கள் ரஹ்மத்துன்னிசா டீச்சர், இறந்துவிட்டார். அப்படியே உட்கார்ந்துவிட்டேன். பானையில் தண்ணீர் வற்றிக் கருகும் வாசனை வந்த பிறகு, என் கணவர்தான் சுவரைப் பிடித்தபடி வந்து அடுப்பை அணைத்தார்.

ரஹ்மத்துன்னிசா டீச்சரை உங்களில் பலருக்குத் தெரியும். மிளகில் பப்பாளி விதை கலந்திருக்கிறதா என்று டம்ளர் தண்ணீரில் போட்டுப் பார்க்கச் சொல்லிக்கொடுத்த அறிவியல் டீச்சர் என்றால் அவரிடம் படித்த எல்லோருக்கும் நினைவு வந்துவிடும். நல்ல மிளகு அடியில் தங்கும், பப்பாளி விதை மிதக்கும். அந்தப் பாடம் நடந்த வாரமெல்லாம் எங்கள் பகுதி மளிகைக் கடைக்காரர்கள் பள்ளிக்கூடத்தைத் திட்டித் தீர்த்திருப்பார்கள். நான் பக்கத்து வகுப்பில் கணக்கு எடுத்தவள். ஆசிரியர் அறையில் எங்கள் மேஜைகள் ஒட்டிக் கிடந்தன. வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகும் நாங்கள் ஒருவரையொருவர் 'டீச்சர்' என்றுதான் கூப்பிட்டுக்கொண்டோம். அவர் என்னை வேறு எப்படிக் கூப்பிட்டிருந்தாலும் நான் திரும்பிப் பார்த்திருக்க மாட்டேன்.

அவருடைய கணவர் கமால் பாய் வளைகுடாவில் நீண்ட காலம் வேலை பார்த்தவர். அந்தச் சம்பாத்தியத்தில் அவர்களுடைய கடற்கரை ஊரில் ஒரு மாடி வீடு எழும்பியது. மார்பிள் தரை, வளைந்து ஏறும் படிக்கட்டு, பிளாஸ்டிக் உறை பிரிக்காத சோபா. பெண்ணுக்குக் கல்யாணத்தில் வீடு கொடுப்பது அந்த ஊர் வழக்கம்; நிலோபருக்கென்று கட்டிய வீடு அது. அவளோ கோயம்புத்தூரில் வேலை, அங்கேயே மாப்பிள்ளை என்று ஆகி, எனக்கு வீடு வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். கமால் பாய் வேலை பார்த்த கம்பெனியை மூடிவிட, அவர் ஊர் திரும்பியபோது, அத்தனை பெரிய வீட்டில் இரண்டே பேர். டீச்சர் விடியலில் பஸ் பிடித்துத் தஞ்சாவூர் வந்து, இருட்டிய பிறகு வீடு போய்ச் சேர்ந்து, ஞாயிற்றுக்கிழமை முழுக்க வீட்டைக் கூட்டிக்கொண்டிருந்தார்.

ஒரு நாள் இடைவேளையில், பிஸ்கட்டை டீயில் நனைத்துக்கொண்டே, வீட்டை விற்றுவிட்டோம் என்றார். தஞ்சாவூரிலேயே வடவாற்றங்கரையில் இரண்டு அறை உள்ள வாடகை வீடு பார்த்தாகிவிட்டதாம். எனக்குக் கோபம்தான் வந்தது. எனக்கு இரக்கம் வரும்போதெல்லாம் அது கோபமாகத்தான் வெளியே வரும். என்னோடு வேலை பார்த்தவர்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை. "நாளைக்கு ஒரு நல்லது கெட்டதுன்னா நாலு பேர் உட்கார இடம் வேணாமா டீச்சர்?" என்று கேட்டேன். அவர் பிஸ்கட்டைத் தின்று முடித்தார். "நல்லது கெட்டது என்னைக்கோ ஒரு நாள் வருது. மிச்ச நாளெல்லாம் நான்ல கூட்டுறேன்" என்றார். பிறகு கொஞ்சம் யோசித்து, "என் கையால கூட்டி முடிக்கிற அளவுக்கு ஒரு வீடு இருந்தாப் போதும்" என்றும் சொன்னார்.

அந்தப் புது வீட்டுக்கு நான் பழம் வாங்கிக்கொண்டு, முகத்தையும் துக்கத்துக்குத் தகுந்த மாதிரி வைத்துக்கொண்டு போனேன். போனால் வீட்டுக்குள் ஒரே சிரிப்பாக இருந்தது. கமால் பாய் வாசலில் வெண்டைச் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். வாரம் முழுக்க ஓடிய பஸ் ஓட்டம் நின்றுபோனதில் டீச்சருடைய முகம் தெளிந்திருந்தது. சாப்பாட்டு நேரத்துக்கு ஒரு பெரிய வட்டத் தட்டை எடுத்து நடுவில் வைத்து அதில் நெய்ச்சோற்றைக் கொட்டினார். அதற்குச் சகன் என்று பெயர். அவர்கள் ஊர் விருந்தில் ஒரு சகனைச் சுற்றி நாலு பேர் உட்கார்ந்து ஒன்றாகச் சாப்பிடுவார்கள். பெரிய வீட்டிலிருந்த பாத்திரங்களில் பெரும்பாலானவற்றைக் கொடுத்துவிட்டு இந்தத் தட்டை மட்டும் கையோடு கொண்டுவந்திருக்கிறார்.

எங்கள் வீட்டில் அடுத்தவர் தட்டில் விரல் பட்டால் எச்சில் என்று கை கழுவச் சொல்வார்கள். நான் தயங்கியதை அவர் கவனித்துவிட்டார். உங்களுக்குத் தனித் தட்டு வைக்கட்டுமா என்று சாதாரணமாகக் கேட்டார். எனக்கு ரோஷம் வந்து உட்கார்ந்துவிட்டேன். சகனுக்கு ஒரு முறை இருக்கிறது. அவரவர் பக்கத்தில் இருப்பதைத்தான் அவரவர் சாப்பிட வேண்டும், அடுத்தவர் பக்கம் கை நீளக் கூடாது. ஆனால் நம் பக்கம் இருக்கும் நல்ல கறித்துண்டை அடுத்தவர் பக்கம் தள்ளிவிடலாம். அன்றைக்கு எல்லோரும் தள்ளித் தள்ளி, கடைசியில் என் பக்கம் கறி குவிந்துவிட்டது. நானும் மறுக்காமல் சாப்பிட்டேன்.

இப்போது என் வீட்டுக் கதைக்கு வருகிறேன். அது என் மாமனார் கட்டிய வீடு. கூடத்தின் ஒரு பக்கம் முழுவதும் நவராத்திரியில் ஏழு படி கொலு வைப்போம். என் மாமியார் கண் மூடுவதற்கு முன் என்னிடம் கேட்டது ஒன்றுதான்: கொலுவை மட்டும் விட்டுவிடாதே. வைத்த கொலுவை நிறுத்தக் கூடாது, ஏற்றிய படியைக் குறைக்கக் கூடாது என்பது எங்கள் குடும்பத்தில் அசைக்க முடியாத நம்பிக்கை.

ரஹ்மத் டீச்சர் வருஷம் தவறாமல் கொலு பார்க்க வருவார். மற்றவர்கள் மேல் படியைப் பார்த்துக் கும்பிடும்போது அவர் நேராகக் கீழ்ப் படிக்குப் போய்க் குனிவார். அங்கே செட்டியார் பொம்மை மனைவியோடு உட்கார்ந்து மளிகைக் கடை நடத்திக்கொண்டிருப்பார். டீச்சர் கைப்பையிலிருந்து மிளகு, சீரகம், துவரம்பருப்பு என்று சின்னச் சின்னப் பொட்டலங்களை எடுத்து அவர் முன்னால் குவித்து வைப்பார். "சரக்கு இல்லாம கடைய தெறந்து வச்சிருக்காரு பாருங்க" என்பார். மிளகைத் தண்ணீரில் போட்டுச் சோதித்து, காயவைத்துத்தான் கொண்டுவந்தேன், செட்டியார் பேர் கெட்டுவிடக் கூடாது என்றும் ஒரு முறை சொன்னார்.

என் கணவர் ஒரு அரிசி ஆலையில் மேனேஜராக இருந்தார். ஆலையை மூடினார்கள். அதே வருஷம் அவருக்குப் பக்கவாதம் வந்து இடது பக்கம் விழுந்தது. நாள் முழுக்க ஜன்னலோரக் கட்டிலில் கிடந்தார். நடக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னார். அவர் எழுந்திருக்கவே மறுத்தார். வீடோ தன் பங்குக்கு எங்களைச் சாப்பிட்டது. மாடியில் மழை ஒழுகியது, மோட்டார் பழுதானது, ஒயரிங் கருகியது. என் பென்ஷன் வந்ததும் கொத்தனாருக்கும் எலக்ட்ரீஷியனுக்கும் போனது, மிச்சமிருந்தால் மருந்துக்கு. விற்றுவிட்டுச் சின்ன வீட்டுக்குப் போனால் அவருடைய வைத்தியத்தை ஒழுங்காகப் பார்க்கலாம். இது எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் பார்த்த எந்தச் சின்ன வீட்டிலும் ஏழு படி நிற்காது. கொலுவுக்காக வீடு, வீட்டுக்காக மருந்தில் கை வைப்பது என்று நாட்கள் போயின. என் நாத்தனார் சாரதா வேறு, படியைக் குறைத்தால் அண்ணன் உடம்புக்கு ஆகாது என்று போனில் சொல்லிவிட்டாள். அதற்குப் பிறகு எனக்குத் தூக்கமே போய்விட்டது.

இதையெல்லாம் ரஹ்மத் டீச்சரிடம் கொட்டினேன். கரந்தையில் ஒரு காம்பவுண்டுக்குள் காலியாக இருந்த வீட்டைப் பார்த்துவிட்டு வந்த அன்று, அவர் வீட்டு வாசலில் உட்கார்ந்து அழுதேன். அந்தக் காம்பவுண்டில் எத்தனை குடும்பம் என்று கேட்டார். வரிசையாக ஆறு வீடு, மாடியில் வீட்டுக்காரர் என்றேன். அவர் வெண்டைக்காய் பறிப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"ஒரு வீட்ல ஏழு படி வச்சாலும் ஏழு. ஏழு வீட்ல ஆளுக்கு ஒரு படி வச்சாலும் ஏழுதானே டீச்சர்? நாங்க ஒரு சகன்ல நாலு பேர் சாப்பிடுறோம், சோறு கொறஞ்சா போச்சு?"

காலமெல்லாம் கணக்கு எடுத்த எனக்கு அந்தக் கணக்கு வர வெகு நேரம் ஆனது. அடுத்தவர் வீட்டில் நம் படியா, அது நம் கொலு ஆகுமா என்று வாதாடினேன். மாமியாரிடம் நீங்கள் என்ன வாக்குக் கொடுத்தீர்கள் என்று கேட்டார். கொலுவை விட மாட்டேன் என்று. ஒரே கூடத்தில் வைப்பேன் என்று சொன்னீர்களா என்றார். இல்லை. அப்புறம் என்ன, என்று சொல்லிவிட்டு அவர் மீண்டும் வெண்டைக்காய் பறிக்கப் போய்விட்டார்.

வீட்டை விற்றோம். கரந்தைக்கு வந்தோம். காம்பவுண்டில் இருப்பவர்களிடம் கேட்பதற்கு எனக்கு வாய் வரவில்லை. டீச்சர்தான் கூட வந்து வீடு வீடாகப் பேசினார். யாரும் மறுக்கவில்லை, இடம்தான் இல்லை என்றார்கள். இடம் ஒரு ஸ்டூல் அளவு போதும் என்றார் டீச்சர். கலசமும் மரப்பாச்சியும் இருக்கும் மேல் படி எங்கள் வீட்டில் தங்கியது. மற்றவை ஒவ்வொரு வீட்டின் அலமாரிக்கும் மேஜைக்கும் போயின. காம்பவுண்டு கேட்டுப் பக்கத்து வீட்டு ஸ்டெல்லா வருஷந்தோறும் வேளாங்கண்ணிக்கு நடந்து போகிறவள். சாமி பொம்மை என்றால் சங்கடம், கடை என்றால் வைத்துக்கொள்கிறேன் என்று செட்டியாரை வாங்கிக்கொண்டாள். உங்கள் வீட்டிலும் ஒன்றிரண்டு வைத்துக்கொள்கிறீர்களா என்று நான் ரஹ்மத் டீச்சரைக் கேட்டபோது, அவர் சிரித்துக்கொண்டே தலையாட்டினார். "பொம்மை வேணாம் டீச்சர், எங்க வழக்கம் இல்ல. ஆனா கடைக்குச் சரக்கு என் பொறுப்பு." அவர் எப்போதும் அப்படித்தான். முடியாததை முடியாது என்பார், அதே மூச்சில் முடிந்ததைச் சொல்லிவிடுவார்.

முதல் நவராத்திரிக்குச் சாரதா வந்தாள். குறை கண்டுபிடிக்கவே வந்தாள் என்பது அவள் செருப்பைக் கழற்றிய விதத்திலேயே தெரிந்தது. எங்கள் வீட்டில் ஒரே ஒரு படியைப் பார்த்ததும் அவளுக்குக் கண் கலங்கியது. மிச்சப் படிகள் அடுத்தடுத்த வீட்டில் இருக்கின்றன, போய்ப் பார் என்றேன். போனவள் திரும்பவில்லை. தேடிப்போனால், நாலாவது வீட்டில் உட்கார்ந்து சுண்டல் சாப்பிட்டுக்கொண்டு, கிருஷ்ணன் பொம்மைக்குச் சின்ன வயதில் தான் மை தீட்டிய கதையைச் சொல்லிக்கொண்டிருந்தாள். கிளம்பும்போது அவள் கையில் ஏழு விதச் சுண்டல் இருந்தது. "அண்ணி, அம்மா இருந்திருந்தா எந்த வீட்டுச் சுண்டல்ல உப்பு கம்மின்னு சொல்லிக்கிட்டே போயிருப்பாங்க" என்றாள்.

நான் எதிர்பார்க்காத இன்னொன்றும் நடந்தது. தன் அம்மாவின் பொம்மைகள் யார் வீட்டில் எப்படி இருக்கின்றனவோ என்ற கவலையில், என் கணவர் கட்டிலை விட்டு எழுந்தார். முதல் நாள் பக்கத்து வீடு வரை. அப்புறம் அதற்கடுத்த வீடு. விஜயதசமிக்குள் கேட்டுப் பக்கம் இருக்கும் செட்டியார் கடை வரைக்கும் சுவரைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார். அங்கே ரஹ்மத் டீச்சர் மிளகு வைத்துக்கொண்டிருந்தார். இவரைப் பார்த்ததும், "வாங்க சார், கடைக்கு இப்பத்தான் முதல் ஆள் வந்திருக்கீங்க" என்றார். நான் ஸ்டெல்லாவின் அடுப்படிக்குள் போய் அழுதுவிட்டு வந்தேன். சந்தோஷத்தில்தான்.

போன வருஷம் டீச்சரால் வர முடியவில்லை. சிகிச்சையில் இருந்தார். கமால் பாயிடம் பொட்டலங்களைக் கொடுத்தனுப்பியிருந்தார். போன் செய்து, செட்டியார் என்ன சொல்கிறார் என்று விசாரித்தார். குரல் மெலிந்திருந்தது, கிண்டல் மட்டும் அப்படியே இருந்தது.

நிலோபரின் போன் வந்த அன்றைக்கு வடவாற்றங்கரைக்கு நாங்கள் போனபோது, நான் முன்பு கேட்ட கேள்விதான் வழியெல்லாம் என்னைக் குடைந்தது. நாலு பேர் உட்கார இடம் வேண்டாமா? போய்ப் பார்த்தேன். அந்த வரிசையில் எல்லா வீட்டுக் கதவும் திறந்து கிடந்தது. அவருடைய ஊரிலிருந்து வந்த பெண்கள் ஒரு வீட்டில், எங்கள் பள்ளிக்கூடத்தவர்கள் இன்னொரு வீட்டில், பழைய மாணவர்கள் கரையோரம் பூவரச மர நிழலில் யாரோ கொண்டுவந்து போட்ட நாற்காலிகளில். எனக்கு முன்பின் தெரியாத ஒரு பெண் என் கணவரைக் கைத்தாங்கலாக அழைத்துப்போய்த் தன் வீட்டுக் கூடத்தில் உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தாள். ஆற்றில் தண்ணீர் நிறையப் போய்க்கொண்டிருந்தது. டீச்சர் இதைப் பார்த்திருந்தால் என்னைத் திரும்பிப் பார்த்து ஒரு சிரிப்பு சிரித்திருப்பார், அவ்வளவுதான்.

அவரிடமிருந்து எனக்கு என்ன மிஞ்சியது என்று கேட்டால், நானே கூட்டி முடிக்கிற ஒரு வீடு. அதில் தினமும் தன் காலால் கேட்டு வரை நடந்துவிட்டு வருகிற ஒரு மனிதர். நல்ல துண்டு கிடைத்தால் பக்கத்தில் தள்ளிவிடும் பழக்கமும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. என் குணத்துக்கு அது பெரிய விஷயம்.

நவராத்திரி நெருங்குகிறது. பெட்டிகளை இறக்கத் தொடங்கிவிட்டோம். இந்த முறை செட்டியாருக்கு முன்னால் எதை வைப்பது என்று ஸ்டெல்லா என்னிடம் கேட்கவில்லை, நானும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. நேற்று நிலோபர் பேசினாள். தன் வாப்பா கமால் பாயைப் பார்க்க அடுத்த வாரம் வருகிறாளாம். அது இது என்று பேசிவிட்டு, போனை வைப்பதற்கு முன்னால் தயங்கிக் கேட்டாள்:

"ஆன்ட்டி, மிளகைத் தண்ணியில போட்டுப் பார்த்துட்டேன், எல்லாம் அடியில தங்கிருச்சு. கடை இந்த வருஷமும் ஸ்டெல்லா அக்கா வீட்லதானே?"