குறுக்குக் கோடு போட்ட கர்ப்பிணிப் படம்

1. ஒரே மாத்திரையில் ரெண்டு வேலை

மரக்காணம் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு மெடிக்கல் ஷாப்பில் பல வருஷம் பார்மசிஸ்ட்டாக இருந்தேன். கவுன்ட்டரில் என்னைத் தூக்கிவாரிப் போட வைத்த கேள்வி எது என்று இந்த வேலைக்குப் புதிதாக வரும் பெண்கள் கேட்டால், வசந்தி கேட்டதைத்தான் சொல்வேன்.

வசந்திக்கு உப்பளத்தில் வேலை. இரண்டு பிள்ளைகள். ஒருநாள் காலைக் கூட்டம் வடிந்தபிறகு கடைக்கு வந்தவள், பையிலிருந்து ஒரு காலி அட்டைப்பெட்டியை எடுத்து என் பக்கமாகத் தள்ளினாள். குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டாள்.

“அக்கா, இந்தக் குழந்தை நிக்காத மாத்திரை ஒரு அட்டை குடுங்க.”

பெட்டியைத் திருப்பிப் பார்த்தேன். முகப்பரு அதிகமாக இருந்தால் ஸ்கின் டாக்டர்கள் எழுதிக் கொடுக்கும் ஐசோட்ரெட்டினாயின் கேப்சூல். கர்ப்பத்தைத் தடுக்கிற சக்தி அதற்குத் துளியும் கிடையாது. அதைச் சாப்பிடும் நாட்களில் கரு உண்டாகிவிட்டால் குழந்தையின் மூளை, இதயம், காது எல்லாம் கெட்டுப்போகலாம். அதனால்தான் பெட்டியில் ஒரு கர்ப்பிணிப் படத்தைப் போட்டு, மேலே குறுக்குக் கோடு இழுத்திருந்தார்கள்.

யார் சொன்னது என்று கேட்டேன். அவள் கொழுந்தனாரின் மனைவி செல்வி சொன்னாளாம். செல்விக்கு முகம் பூராவும் பரு. பாண்டிச்சேரியில் டாக்டரைப் பார்த்து இந்தக் கேப்சூலைச் சாப்பிடுகிறாள். முகமும் பளிச்சென்று ஆகிவிட்டது, பிள்ளை நிற்கும் என்ற பயமும் இல்லை என்று பெருமையாகச் சொல்லியிருக்கிறாள். ஆஸ்பத்திரியில் கொடுக்கும் குடும்பக் கட்டுப்பாட்டு மாத்திரை அவளுக்குக் குமட்டலாக இருந்ததாம். அதை நிறுத்திவிட்டாளாம்.

வசந்தி இன்னும் ஒன்றுகூட முழுங்கவில்லை, அந்த மட்டில் நிம்மதி. செல்வி என்ன நிலைமையில் இருக்கிறாளோ என்றுதான் பதறினேன்.

முதலாளியிடம் விஷயத்தைச் சொல்லி, கொஞ்ச நேரம் வெளியே போய்வர அனுமதி கேட்டேன். அவர் பெட்டியை வாங்கி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு படத்தை உற்றுப் பார்த்தார்.

“ஏம்மா, அந்தப் பொண்ணு சொல்றது சரிதானே? கர்ப்பம் ஆவாதுன்னுதானே போட்டிருக்குது?”

2. வரப்பு மேல் நடந்த விசாரணை

வசந்தியை ஸ்கூட்டியில் ஏற்றிக்கொண்டு உப்பளத்துக்குப் போனேன். வெயிலில் பாத்தி எல்லாம் கண்ணைக் கூச வைத்தது. செல்வி தலையையும் முகத்தையும் துண்டால் சுற்றிக்கொண்டு உப்பு வாரிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் துண்டை இறக்கிச் சிரித்தாள். முகம் நிஜமாகவே தெளிவாகத்தான் இருந்தது.

ஆட்கள் காதில் விழாத தூரத்துக்குக் கூட்டிப்போய்க் கேட்டேன். கர்ப்பம் தரிக்கக் கூடாது என்று டாக்டரம்மா சொல்லவில்லையா?

“சொன்னாங்கக்கா. ஏதாவது தடுப்பு வெச்சிருக்கியான்னு கேட்டாங்க, மாத்திரை சாப்பிடறேன்னேன். டெஸ்டெல்லாம் எடுத்துட்டுத்தான் குடுத்தாங்க. வூட்டுக்கு வந்து பெட்டியப் பாத்தா இதுலயே படம் போட்டிருக்குது. அப்புறம் எதுக்கு ரெண்டு மாத்திரைன்னு வுட்டுட்டேன்.”

அந்தப் படம் ஒரு எச்சரிக்கை என்பதை நிதானமாக விளக்கினேன். பாதிக்கு மேல் போகும்போதே அவள் சிரிப்பு நின்றுவிட்டது. இந்த மாதம் நாள் தள்ளியிருக்கிறதா என்று கேட்டேன். ஆமாம் என்று தலையாட்டினாள். வசந்தி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

இனி ஒரு கேப்சூலும் தொடக் கூடாது என்று சொல்லி, அவளை அரசு ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனோம். டெஸ்ட்டில் கர்ப்பம் இல்லை என்று வந்தது. ஆனால் அங்கிருந்த லேடி டாக்டர், சீக்கிரமே பார்த்துவிட்டால் சில சமயம் தெரியாது, ஒரு வாரம் கழித்து மறுபடியும் எடுக்கலாம் என்றார். ஸ்கின் டாக்டரிடமும் போனில் பேசினார்.

அந்த வாரம் எனக்கு வேலையே ஓடவில்லை. கடை போன் அடிக்கும்போதெல்லாம் ஓடிப்போய் எடுத்தேன். ஒருநாள் மத்தியானம் செல்வியே பேசினாள்.

“அக்கா, தள்ளிப்போனது வந்துடுச்சு.”

நானும் சந்தோஷத்தில் சத்தமாக, “வந்துடுச்சா?” என்றேன். பின்னால் பில் போட்டுக்கொண்டிருந்த முதலாளி தலையைத் தூக்கி, எந்தக் கம்பெனி சரக்கு என்று கேட்டார். நான் சிரித்த சிரிப்பில் போனின் அந்தப் பக்கம் செல்வியும் சிரித்தாள்.

3. பாடத்தைத் திருப்பிக் கேட்பது

செல்வி காப்பர்-டி போட்டுக்கொண்டாள். மறுபடியும் டெஸ்ட் எடுத்துப் பார்த்து, டாக்டர் சரி சொன்னபிறகுதான் கேப்சூலைத் தொடர்ந்தாள். கேப்சூல் சாப்பிட வேண்டிய மாதங்கள் முடிந்து, டாக்டர் சொன்ன இடைவெளியும் விட்டு, இரண்டாவது பிள்ளை வேண்டும் என்று தோன்றியபோது காப்பர்-டியை எடுத்தாள். பெண் குழந்தை. தடுப்பூசிக்கு ஆஸ்பத்திரிக்கு வரும் வழியில் கடைப் படியேறிக் காட்டிவிட்டுப் போனாள். அது என் விரலைப் பிடித்து நேராக வாய்க்குக் கொண்டுபோனது.

அந்தச் சம்பவத்தில் யாரையும் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. டாக்டர் சொல்ல வேண்டியதைச் சொல்லியிருந்தார். செல்வி காதில் வாங்கியும் இருந்தாள். வீட்டுக்குப் போனபிறகு அவள் மனதில் என்ன அர்த்தம் ஆனது என்பதைத்தான் யாரும் கேட்கவில்லை. அதன்பிறகு நான் மருந்தைக் கொடுத்துவிட்டு, “புரிஞ்சுதா?” என்று கேட்பதை விட்டேன். அதற்கு எல்லோரும் தலையாட்டுவார்கள். “வூட்டுக்குப் போயி எப்படி சாப்பிடுவீங்க, சொல்லுங்க” என்று கேட்பேன். கல்யாணமான பெண்ணோ ஆகாத பெண்ணோ, சில மருந்துகளுக்கு வேறு கேள்விகளும் உண்டு: கர்ப்பமா, ஆகும் யோசனை இருக்கிறதா, வேறென்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள்? டி.பி. மாத்திரையும் சில வலிப்பு மாத்திரையும் கர்ப்பத்தடை மாத்திரையின் வேலையைக் கெடுத்துவிடும். அதற்காக அவற்றைத் தாங்களாக நிறுத்திவிடவும் கூடாது. டாக்டரைக் கேட்டு வேறு தடுப்புக்கு மாற வேண்டும்.

முதலில் ஜனங்கள் சலித்துக்கொண்டார்கள். உப்பு லோடு ஏற்றிக்கொண்டு வந்த டிரைவர் ஒருவர், ரோட்டோரம் லாரி இன்ஜினை ஓடவிட்டுவிட்டு மனைவியின் மருந்துக்கு நின்றவர், “ஏம்மா, பரீட்சை வெக்கிறியா?” என்றார்.

ஆமாம் என்றேன். அவர் போய் லாரியை ஆஃப் பண்ணிவிட்டு வந்து, சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு முதலிலிருந்து ஒப்பித்தார். ஒரு இடத்தில் தப்பு. காலையில் சாப்பிடுவதை ராத்திரிக்கு மாற்றிச் சொன்னார். திருத்தினேன், மறுபடியும் சொன்னார். சரியாக இருந்தது.